ஆடைத்துறையில் நிலைபேறு படிக்க வேண்டும்: திருகோணமலையில் இருந்து எங்கே தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். உப்புவெளியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கலைப்பிரிவில் உயர்தரம் முடித்தவர். அம்மா வீட்டில் தைக்கிறார், இவரும் கூட இருந்து தைப்பவர். ஆடைத்துறையையும் சூழலையும் சேர்த்து, அதாவது நிலைபேறு என்று சொல்வதைப் படிக்க ஆசை, முடிந்தால் ஆராய்ச்சியும் செய்ய வேண்டுமாம். கொழும்புக்குப் போகத்தான் வேண்டுமா, லண்டனில் இருந்து நடத்தும் ஒன்லைன் பாடம் ஒன்றுக்குக் காசு கட்டலாமா, இதையெல்லாம் படித்தால் வேலை இருக்கிறதா என்று அம்மா கேட்கிறார், என்ன சொல்ல என்பதுதான் கேள்வி.

நான் கார்மென்ட் ஒன்றின் வெட்டுப் பகுதியில் பல வருடம் நின்றவள். இப்போது தையலும் பேட்டனும், அதாவது துணி வெட்ட அளவுக்கு வரையும் அச்சும், சொல்லிக்கொடுக்கிறேன். அந்த இடத்தில் இருந்து பார்த்தால் என்ன தெரிகிறதோ அதைச் சொல்கிறேன்.

படிப்பு எங்கே என்பதை முதலில் முடித்துவிடுவோம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஃபஷன் டிசைன் பட்டம் இருக்கிறது. அதற்கு உளச்சார்புப் பரீட்சை எழுத வேண்டும். என்னென்ன தகைமை வேண்டும் என்பதை அந்தந்த ஆண்டுக்கான பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பாருங்கள், பழைய கைநூலை நம்பாதீர்கள். அங்கேயே புடவை, ஆடைப் பொறியியலும் உண்டு, ஆனால் அது கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கானது. திறந்த பல்கலைக்கழகத்தில் புடவை, ஆடைத் தொழில்நுட்பத்துக்கு ஒரு துறை இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்கலாம் என்பது அதில் பெரிய வசதி, கலைப்பிரிவு பொருந்துமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இரத்மலானையில் ஸ்லிட்டா என்று எல்லோரும் சொல்லும் அரசாங்க நிறுவனம் இருக்கிறது. தொழிற்சாலைக்குத் தேவையான குறுகிய பாடங்களுக்கு அது நல்ல இடம். கோணேசபுரியில் இருக்கும் நமது கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் ஆடைப் படிப்பு இல்லை. ஆனால் அந்த வளாகத்தை மறந்துவிட வேண்டாம், பிறகு வருகிறேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்விகியூ எனும் தேசிய தொழிற் தகைமையில் நான்காம் மட்டத் தையலையோ பேட்டனையோ முதலில் முடிப்பேன். நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம் என்று அந்த ஏணி மேலே போகிறது. துணியைக் கையால் வெட்டத் தெரியாமல் நிலைபேறு பேசுகிற ஆட்கள் இந்தத் துறையில் போதுமான அளவு இருக்கிறார்கள்.

லண்டன் பாடம் எது என்று நீங்கள் எழுதவில்லை. லண்டன் கொலேஜ் ஒஃப் ஃபஷனில் 2008 இல் தொடங்கிய நிலைபேறான ஃபஷனுக்கான மையம் இந்த விஷயத்தில் மதிப்புள்ள ஆராய்ச்சி இடம். கூச்சி போன்ற பிராண்டுகளை வைத்திருக்கும் கேரிங் நிறுவனத்துடன் சேர்ந்து 2018 இல் ஒரு ஒன்லைன் பாடத்தையும் அவர்கள் ஃபியூச்சர்லேர்ன் என்ற இணையத் தளத்தில் போட்டார்கள். நல்ல பாடம்தான். ஆனால் அது ஆடம்பர ஆடை வடிவமைப்பவருக்காக எழுதியது. நாம் இருப்பது வெட்டித் தைத்துக் கப்பலில் ஏற்றிவிடும் நாட்டில். இலங்கையின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஆடையில் இருந்து வருகிறது. இலவசமாகப் பார்க்கக்கூடியதைப் பாருங்கள், அம்மாவின் தையல் காசைச் சான்றிதழுக்குக் கொட்டாதீர்கள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்தப் படிப்பில் உண்மையில் கற்க வேண்டியது அளப்பது. எவ்வளவு துணி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கூலி, யார் அளந்தார்கள், எது வரைக்கும் அளந்தார்கள். வடிவமைப்பு, இயற்கைத் துணி, பழைய சேலையில் பை தைப்பது எல்லாம் அதற்குப் பிறகு.

இன்றைக்கே வீட்டில் தொடங்கலாம். அம்மா இரண்டு மீற்றர் பொப்ளின் எடுத்து ஒரு சல்வார் மேற்சட்டை வெட்டுகிறார் என்று வையுங்கள். துணியின் அகலம் 112 சென்ரிமீற்றர். பரப்பளவு 2.24 சதுர மீற்றர். துணி சதுர மீற்றருக்கு 110 கிராம் என்றால், அதைத்தான் கார்மென்ட்டில் ஜிஎஸ்எம் என்பார்கள், மொத்தம் 246 கிராம் அளவில் வரும். ஜிஎஸ்எம் தெரியாவிட்டால் பத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் துண்டு ஒன்றை நகைக்கடைத் தராசில் நிறுத்து நூறால் பெருக்குங்கள். வெட்டி முடிந்ததும் கீழே விழுந்த துண்டுகளை எல்லாம் கூட்டி நிறுங்கள். கைக்குழிப் பக்கம், கழுத்து வளைவு, ஓரத்துக் கரை எல்லாம் சேர்த்து 40 கிராம் இருந்தால் கழிவு நூற்றுக்குப் பதினாறு. ஒரு மாதத்துக்கு வெட்டுகிற ஒவ்வொரு உடுப்புக்கும் இதை ஒரு கொப்பியில் எழுதுங்கள்: உடுப்பு, அளவு, துணி அகலம், துணி நிறை, கழிவு நிறை.

இது ஏதோ வீட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். ஆடை வெட்டும்போது சராசரியாகத் துணியில் நூற்றுக்குப் பதினைந்து வீணாகிறது என்பது இத்துறையில் பலரும் எடுத்துச் சொல்லும் கணக்கு. கழிவே இல்லாத பேட்டன் என்ற ஆராய்ச்சியை வளர்த்த டிமோ ரிஸ்ஸனன், ஹொலி மக்குயிலன் போன்றவர்கள் இந்தப் பதினைந்தை எப்படிப் பூச்சியமாக்குவது என்றுதான் யோசித்தார்கள். தொழிற்சாலையில் இந்த வேலையைக் கம்பியூட்டர் செய்யும். மார்க்கர் என்று பேட்டன் துண்டுகளை நெருக்கி அடுக்கிப் படம் போட்டு, துணியில் எத்தனை வீதம் உடுப்பாகிறது என்று முதலே காட்டிவிடும். ஆனால் மார்க்கர் சொல்லாத கழிவும் உண்டு. லே, அதாவது வெட்டுவதற்கு அடுக்கடுக்காகத் துணி, விரிக்கும்போது இரண்டு பக்கத்திலும் விடும் அங்குலம், சுருள் முடிவில் மிஞ்சும் துண்டு, நிறம் மாறிப் போனதென்று ஒதுக்கும் வெட்டிய பனல்கள். வெட்டுப் பகுதியில் நிற்பவருக்குத்தான் அது தெரியும், அறிக்கை எழுதுபவர் பெரும்பாலும் மார்க்கர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

சேலையும் சாரமும் வெட்டே இல்லாத உடுப்பு, நம் பாட்டிமார் கழிவே இல்லாமல் உடுத்தார்கள் என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் சேலையோடு போடும் சட்டையில் எத்தனை வளைவு வெட்டு என்று யாரும் கேட்பதில்லை. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது உள்ளே துணி விட்டுத் தைப்பது. உங்கள் அம்மா சட்டைப் பக்கத் தையலில் ஒரு அங்குலமாவது உள்ளே விட்டிருப்பார். உடம்பு வைத்தால் பிரித்துத் தளர்த்திப் போடலாம். கார்மென்ட் உடுப்பில் ஓவர்லொக் அடித்த ஒரு சென்ரிமீற்றர் கூட இருக்காது, இறுகினால் தூக்கிப் போட வேண்டியதுதான். உள்ளே விட்ட துணி வெட்டுக் கணக்கில் கூடுதல் துணி, ஆனால் அந்தச் சட்டை இன்னும் மூன்று வருடம் உழைக்கும். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து யாராவது அளந்தால் நல்ல ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று வரும்.

அடுத்தது, மற்றவர் அளந்த எண்களை வாசிப்பது. ஆடைத்துறையைப் பற்றி எண்கள் எக்கச்சக்கமாகச் சுற்றுகின்றன. எண்ணெய்க்கு அடுத்ததாக உலகில் அதிகம் மாசுபடுத்துவது ஃபஷன்தான் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2018 இல் நியூயோர்க் டைம்ஸின் வனெசா ஃப்ரீட்மன் அந்த வசனத்தின் மூலத்தைத் தேடிப் போய், அதற்கு ஆதாரமான ஆய்வே இல்லை என்று எழுதினார். இன்றைக்கும் அது பட்டப்படிப்பு ஆய்வேடுகளில் முதல் பக்கத்திலேயே வருகிறது.

கார்பன் கணக்கைப் பாருங்கள். உலக வளங்கள் நிறுவகமும் அப்பரல் இம்பக்ட் நிறுவகமும் 2021 இல் சொன்னது, உலக வெளியேற்றத்தில் ஆடைத்துறையின் பங்கு ஏறத்தாழ 2 வீதம். மக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் 2020 இல் சொன்னது 4. குவான்டிஸ் என்ற சூழல் ஆலோசனை நிறுவனம் 2018 இல் சொன்னது 8. ஐக்கிய நாடுகளின் பெயரில் சுற்றுவது 10. யாரும் பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. ஒருவர் காலணியையும் சேர்க்கிறார், ஒருவர் வாங்கியவர் வீட்டில் கழுவி அயர்ன் பண்ணுவதையும் சேர்க்கிறார், ஒருவர் உற்பத்தியோடு நிறுத்துகிறார். எல்லையை எங்கே போட்டீர்கள் என்று கேட்கத் தெரிந்தவரைத்தான் நான் இத்துறையில் படித்தவர் என்பேன்.

இதே கேள்வியை நம் பக்கத்துக்கும் கொண்டு வரலாம். மட்டக்களப்பில் உள்ள, பிரண்டிக்ஸ் என்ற ஆடைக் கம்பனியின் ஆலை 2019 இல் நிகர பூச்சிய கார்பன் சான்றிதழ் பெற்றது. ஆடை ஆலைகளில் உலகிலேயே முதலாவது என்று சொல்லப்பட்டது. கிழக்கில் இப்படி ஒன்று நடந்தது சந்தோஷமான விஷயம், சும்மா சொல்லவில்லை. ஆனால் மேலே சொன்ன 2021 கணக்கின்படி ஆடையின் வெளியேற்றத்தில் பாதிக்கு மேல் துணி நெய்து, பின்னி, சாயம் போட்டு, பினிஷ் பண்ணும் கட்டத்தில்தான் நடக்கிறது. தைக்கும் இடத்தில் மெஷினுக்கும் அயர்னுக்கும் ஏசிக்கும் போகிற மின்சாரம் அதோடு ஒப்பிட்டால் சின்னது. நாம் வெட்டித் தைக்கும் துணியில் பெரும்பகுதி கப்பலில் வந்து இறங்குவது. அந்தத் துணியின் புகையும் சாயத் தண்ணீரும் வேறு எங்கோ ஒரு ஊரின் கணக்கில் கிடக்கும்.

அந்த ஊர் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் திருப்பூரைப் படியுங்கள். தமிழிலேயே நிறைய எழுதியிருக்கிறார்கள், ஆங்கிலம் தடையாக இருக்காது. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு நிறைய வேண்டும். சாயம் துணியில் ஏறும், உப்பு முழுக்கத் தண்ணீரில் நிற்கும். அந்தத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணை, கடைசியில் விவசாயிகளே அதில் இருந்து தண்ணீர் வேண்டாம் என்று சொல்ல வேண்டி வந்தது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடாமல் தண்ணீரைச் சுத்தம் பண்ணித் திரும்பப் பாவித்தால்தான் திறக்கலாம் என்று ஆனது. அந்தத் தொழில்நுட்பத்துக்கு மின்சாரமும் செலவும் அதிகம், கடைசியில் மிஞ்சும் உப்புச் சேற்றை எங்கே போடுவது என்பது இன்னும் தலைவலி. ஒரு ரீசேர்ட்டின் விலையில் இது எங்கே வருகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இதைக் கேட்டதும் சிலர் அப்படியானால் இயற்கைச் சாயம் என்று கிளம்புவார்கள். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டிய சாயவேர் அரசாங்கத்துக்கு வருமானப் பொருளாக இருந்தது, அதில் வரும் சிவப்பு அழகானதுதான். ஆனால் பெரும்பாலான வேர்ச் சாயங்கள் துணியில் நிற்க ஒரு உலோக உப்பு வேண்டும். படிகாரம் என்றால் பெரிய கெடுதல் இல்லை. செம்பு உப்பும் குரோமியமும் போட்டால் வேரில் இருந்து வந்த சாயம் என்று சொல்லித் தப்ப முடியாது.

நமக்குக் கிட்டிய தண்ணீர் கடல். இங்கே பிரச்சினை சாயத்தைவிட இழை. துணிக் கடையில் கொட்டன் என்று தருவதில் பாதிக்குப் பாதி பொலியெஸ்டர் கலந்திருக்கலாம். ஓரத்தில் நாலு நூல் உருவிச் சாமணத்தால் பிடித்துக் கொளுத்துங்கள், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி கடதாசி எரிவது போல எரிந்து பூப்போலச் சாம்பலாகும். பொலியெஸ்டர் சுருண்டு உருகிக் கறுப்பு மணியாக இறுகும். கலப்பு என்றால் எரிவதும் இருக்கும், விரலுக்குக் கரடாகவும் படும். பொலியெஸ்டரும் அக்ரிலிக்கும் கழுவும்போது கண்ணுக்குத் தெரியாத இழைகளைக் கழற்றி விடுகின்றன. 2011 இல் மார்க் பிரவுண் தலைமையிலான ஆய்வு உலகின் 18 கடற்கரைகளில் மணலை எடுத்துப் பார்த்து, அதில் கிடந்த நுண் பிளாஸ்டிக்கில் பெரும்பங்கு உடுப்புக் கழுவிய தண்ணீரில் இருந்து வந்திருக்கலாம் என்றது. 2016 இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் 6 கிலோ அக்ரிலிக் துணியை மெஷினில் ஒரு தடவை கழுவினால் 7 இலட்சத்துக்கு மேல் இழை வரும் என்று கணக்கிட்டார்கள். இதெல்லாம் வெளிநாட்டு மெஷினில், அந்த நாட்டுத் தண்ணீரில் பார்த்தது. கிணற்றடியில் கல்லில் அடித்துத் துவைத்தால் எவ்வளவு? மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் இடத்தில் என்ன கிடக்கிறது, நகரத்து வாய்க்கால் துறைமுகக் குடாவில் விழும் இடத்தில் என்ன கிடக்கிறது? கேள்வி நம் வாசலில் இருக்கிறது, அதை எடுக்க நுணுக்குக்காட்டியும் பொறுமையும் வேண்டும், லண்டன் விசா வேண்டாம்.

இங்கேதான் கோணேசபுரி வளாகம் வருகிறது. அங்கே முகாமைத்துவமும் தொடர்பாடலும் விஞ்ஞானமும் படிக்கிற பிள்ளைகள் இறுதி வருடத்தில் ஆய்வுத் தலைப்புத் தேடித் திரிவார்கள். அவர்களுக்குத் தையல்காரர்களைத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். திருகோணமலை நகரத்துத் தையற்கடைகளில் ஒரு கிழமையில் விழும் துண்டுகள் எங்கே போகின்றன என்று இரண்டு பேர் சேர்ந்து பார்த்தால் போதும். சிலது தலையணைக்குள், சிலது கால்மிதிக்கு, மிச்சம் வளவில் வைத்துக் கொளுத்துவது. அந்த மிச்சத்தில் பொலியெஸ்டர் எத்தனை வீதம் என்பது ஒரு சின்ன, நேர்மையான, யாராலும் மறுக்க முடியாத ஆய்வு. அப்புறம் பாடசாலைச் சீருடை. அரசாங்கம் இலவசமாகத் தரும் வெள்ளைத் துணி எத்தனை மாதம் பழுப்பேறாமல் நிற்கிறது, எத்தனை பிள்ளைகள் கைமாற்றிப் போடுகிறார்கள், கீழ் மடிப்பை எத்தனை தடவை இறக்கித் தைக்கிறார்கள் என்று கேட்டால் நாட்டின் எல்லா வீட்டுக்கும் பொருந்தும் தரவு கிடைக்கும். கேட் ஃபிளெச்சர் என்ற பிரித்தானிய ஆராய்ச்சியாளர், வேகமில்லாத ஃபஷன் என்ற பேச்சைத் தொடக்கியவர்களில் ஒருவர், பிறகு போனது இந்தப் பக்கம்தான்: புதிதாக என்ன தைப்பது என்பதை விட்டு, ஏற்கெனவே இருக்கும் உடுப்பை ஆட்கள் எப்படிப் பாவிக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினார்.

உலகம் முழுக்கவும் பழைய உடுப்பில் இருந்து புதிய உடுப்பாகத் திரும்புவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று எலன் மக்ஆதர் அறக்கட்டளை 2017 இல் சொன்னது. கலப்புத் துணியைப் பிரிப்பது கஷ்டம், அதுதான் பெரிய காரணம். ரீசைக்கிள் என்று லேபல் போட்ட பொலியெஸ்டரில் பெரும்பகுதி பழைய உடுப்பில் இருந்து வந்ததில்லை, தண்ணீர்ப் போத்தலில் இருந்து வந்தது.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல பாடத்திட்டங்களில் நிலைபேறு என்றால் தண்ணீர், கார்பன், கழிவு என்று முடிந்துவிடுகிறது, தைக்கிற ஆளைக் காணவில்லை. 2013 ஏப்ரல் 24 அன்று பங்களாதேஷின் சாவரில் ரானா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். முதல் நாளே சுவரில் வெடிப்புக் கண்டும் அடுத்த நாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். நம் நாட்டு ஆலைகள் அந்த நிலையில் இல்லை, 2006 இலேயே குற்றமற்ற ஆடை என்ற பிரசாரத்தோடு உலகத்துக்கு நம்மைக் காட்டியவர்கள் நாம். இருந்தாலும் விடியற்காலை பஸ் பிடித்து இருட்டிய பிறகு வீடு வரும் பிள்ளைகளின் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, டார்கெட் காசு எவ்வளவு, லீவு போட்டால் எவ்வளவு கழிகிறது என்பதையும் துணி நிறுப்பது போலவே எழுதி வைக்கலாம். பெயரில்லாமல், அவர்கள் சம்மதத்தோடு. கட்டடத்துக்குப் பச்சைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர், இதைக் கேட்கிறவர்கள் குறைவு.

இனி அம்மாவின் கேள்வி, வேலை. இருக்கிறது, கூடிக்கொண்டும் போகிறது, காரணம் ஐரோப்பியச் சட்டங்கள். 2022 இல் நோர்வேயின் நுகர்வோர் அதிகாரசபை ஒரு ஆடைக் கம்பனியிடம், நீங்கள் காட்டும் சூழல் புள்ளிகள் வாங்குபவரைத் தவறாக வழிநடத்துகின்றன என்று சொன்னது. அந்தப் புள்ளிகள் ஹிக் என்ற, துறையே பாவித்த அளவுகோலில் இருந்து வந்தவை. 2024 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதியின்படி பெரிய கம்பனிகள் விற்காமல் மிஞ்சிய உடுப்பை அழிக்க 2026 ஜூலையில் இருந்து தடை. உடுப்புக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் ஒன்றும் வர இருக்கிறது, என்ன இழை, எங்கே செய்தது என்ற விபரத்தோடு. அந்த விபரத்தை யாரோ ஒருவர் ஆலையில் இருந்து எழுதி அனுப்ப வேண்டும். துணியும் தெரிந்து, கணக்கும் தெரிந்து, தையல் லைனில் நிற்கும் பிள்ளைகளோடு தமிழிலும் சிங்களத்திலும் கதைக்கத் தெரிந்த ஆட்கள் தேவைப்படுவது அங்கேதான்.

சங்கடமான பகுதியையும் அம்மாவிடம் மறைக்க வேண்டாம். நிலைபேறு என்ற பெயர் போட்ட நல்ல சம்பள வேலைகள் பெரும்பாலும் கொழும்பில் தலைமையகங்களில் இருக்கின்றன, நேர்முகமும் அறிக்கையும் ஆங்கிலத்தில். ஆகவே என்விகியூ படிக்கும் வருடத்திலேயே ஆங்கிலத்தையும் எக்செல்லையும் பிடித்துக்கொள்ளுங்கள். கிழக்கில் இருந்தபடியே தொடங்க வேண்டுமென்றால் ஆலையின் தரப் பகுதியிலோ வெட்டுப் பகுதியிலோ சேருவதுதான் நடைமுறை வழி. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. நேர்முகத்துக்குப் போகும்போது அந்தக் கழிவுக் கணக்குக் கொப்பியையும் எடுத்துப் போங்கள், முதல் பக்கத்தில் துணி அகலமும் ஜிஎஸ்எம்மும் எழுதியிருக்கிறதா என்று மட்டும் ஒருக்கால் பார்த்துவிட்டு.